ஒரு போராளிக்கு எத்தனை பெயர்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சேலத்திலிருந்து மேட்டூர். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற ரோட்டில் கொளத்தூர். அந்தப் பக்கம் கும்பாரப்பட்டியில் 'புலியூர் பிரிவு' என்று ஒரு இடம் இருக்கு. அங்கே ஒரு நிழற்குடை. அதற்குப் பொன்னம்மான் நினைவு நிழற்குடை என்று பெயர்.

யார் இந்தப் பொன்னம்மான்? நம்ம ஊர்க்காரர் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர். அப்பா அம்மா வச்ச பெயர் குகன். 1984-லிருந்து 1986 வரைக்கும் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் ஒன்று இந்தக் கொளத்தூர்ப் பகுதியில் நடந்தது. அதற்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். அந்த முகாமால்தான் அந்த இடத்துக்குப் 'புலியூர்' என்ற பெயரே வந்தது. அவர் திரும்பிப் போய், 1987 பிப்ரவரி 14-ஆம் தேதி யாழ்ப்பாணத்துக் கைதடியில் இறந்தார். நாவற்குழி ராணுவ முகாமைத் தாக்குவதற்காக ஒரு தண்ணீர் பவுசரில் வெடிமருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது அது அங்கேயே வெடித்துவிட்டது. கூட இருந்த போராளிகளும் பக்கத்தில் இருந்த சாதாரண ஜனங்களும் இறந்தார்கள்.

குகன் என்று பிறந்தவர், பொன்னம்மான் என்ற பெயரில் சேலம் மாவட்டத்து நிழற்குடை ஒன்றில் இருக்கிறார். இந்த இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு மனுஷனுக்கு என்ன நடந்தது? அதுதான் இன்றைய எபிசோட்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது ஆதரவு எபிசோடும் இல்லை, எதிர்ப்பு எபிசோடும் இல்லை. 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதற்குப் பிறகு, 1992 மே மாதம் இந்தியா புலிகள் இயக்கத்தைத் தடை செய்தது. அந்த அரசியலைப் பேச நிறையப் பேர் இருக்காங்க. நான் பேசப்போவது, உள்நாட்டுப் போர் என்கிற பெரிய இயந்திரத்துக்குள் போகிற ஒற்றை ஆளைப் பற்றி.

ஏன் கொளத்தூர்?

1983 ஜூலை 23. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகள் நடத்திய கண்ணிவெடித் தாக்குதலில் 13 இலங்கைச் சிப்பாய்கள் இறந்தார்கள். மறுநாளிலிருந்து கொழும்பிலும் மற்ற ஊர்களிலும் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அதுதான் கறுப்பு ஜூலை. அதுவரைக்கும் புலிகள் என்பது சில பத்துப் பேர் கொண்ட குழு. அந்த ஒரு மாதம் எல்லாத்தையும் மாத்திடுச்சு. படிச்சுக்கிட்டிருந்த பசங்க, வேலைக்குப் போய்க்கிட்டிருந்த பசங்க, கூட்டம் கூட்டமாக ஏதாவது ஒரு இயக்கத்தில் சேர்ந்தார்கள். ஆமாம், 'ஏதாவது ஒரு'. அப்போ புலிகள் மட்டும் இல்லை. டெலோ, புளொட், ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ் என்று நிறைய இருந்தன. எந்த இயக்கத்தில் சேர்ந்தான் என்பது பல நேரம் கொள்கையால் முடிவானதில்லை. எந்தப் படகு முதலில் கிடைத்தது, கூடப் படிச்சவன் எங்கே போனான், இதுதான் முடிவு செய்தது.

படகு ராமேஸ்வரம் பக்கமோ வேதாரண்யம் பக்கமோ வந்து சேரும். 1983 கடைசியில் இந்திய உளவு அமைப்பான ரா, டேராடூன் பக்கம் இந்தப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம் இயக்கங்கள் தாங்களே தமிழ்நாட்டில் முகாம் போட்டன. புளொட் ஒரத்தநாடு பக்கம். புலிகளின் முகாம்களில் ஒன்று கொளத்தூர். உள்ளூரில் கொளத்தூர் மணி போன்ற திராவிடர் கழகத்துக்காரர்கள் உதவினார்கள்.

கடலோரத்தில் வளர்ந்த ஒரு பையன், கடலே இல்லாத சேலம் மாவட்டத்து மேட்டுக்காட்டில் வந்து நிற்கிறான். சுற்றிப் பேசுகிற மொழி அவன் மொழிதான், ஆனால் பேச்சு வேறு. அவன் 'கதைப்பான்', நாம 'பேசுவோம்'. வீட்டுக்குக் கடிதம் போட முடியாது. ஊரில், 'அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்' என்று ஒற்றை வரியில் அவன் கதையை முடித்திருப்பார்கள்.

முதலில் போவது பெயர்

முகாமுக்குள் போனதும் முதல் மாற்றம் துப்பாக்கி இல்லை, பெயர். இயக்கப் பெயர் என்று ஒன்று கொடுப்பார்கள். காரணம் நடைமுறையானது. ஒருவன் பிடிபட்டால் மற்றவனின் வீட்டைக் காட்டிக்கொடுக்க முடியக்கூடாது. பக்கத்தில் படுத்திருப்பவனின் உண்மையான பெயர் உனக்குத் தெரியாது, உன் பெயர் அவனுக்குத் தெரியாது. உன் அம்மாவைக் காப்பாத்துற ஏற்பாடுதான் அது.

ஆனால் அந்த ஏற்பாடு இன்னொரு வேலையும் செய்யுது. வீட்டில் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, அந்தப் பெயருக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கும். பரீட்சையில் ஃபெயில் ஆனது, தங்கச்சியோடு சண்டை போட்டது, கிணத்துல விழுந்து எழுந்தது. இயக்கப் பெயருக்கு அந்தப் பின்கதை கிடையாது. அது புது ஆள். கட்டளைக்குக் கீழ்ப்படிய அந்தப் புது ஆளுக்குச் சுலபம். கழுத்தில் சயனைட் குப்பியைக் கட்டிக்கொள்ளவும் சுலபம்.

உலகத்தில் எந்த ராணுவமும் இதைச் செய்கிறது. தலைமுடியை வெட்டி, ஒரு நம்பரைக் கொடுத்து, ஒரே மாதிரி உடுப்பைப் போட்டு விடுகிறது. ஆனால் அரசாங்க ராணுவத்தில் உன் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கு. நீ செத்தால் வீட்டுக்குத் தகவல் போகும், பென்ஷன் போகும். இயக்கத்துப் பையனுக்கு அவன் பெயரைத் தெரிந்து வைத்திருந்தது இயக்கம் மட்டும்தான். இயக்கம் இல்லாமல் போனால்? இதைக் கொஞ்சம் மனசுல வச்சிக்கோங்க. திரும்ப வருவோம்.

சண்டை என்பது பெரும்பாலும் நடப்பது

சரி, போர்க்களம். சினிமாவில் பார்ப்பது முழுக்க வெடிச்சத்தம். போராளிகளே எழுதியதைப் படிச்சா வேற மாதிரி இருக்கு.

மலரவன் என்று ஒரு போராளி. இயற்பெயர் விஜிந்தன். 1972-இல் பிறந்தவர். 1990 நவம்பரில் மாங்குளம் ராணுவ முகாம் மீது புலிகள் தாக்குதல் நடத்தினார்கள். அதற்காக மணலாற்றுக் காட்டிலிருந்து மாங்குளம் வரைக்கும் அவருடைய அணி போனது. அந்தப் பயணத்தைத்தான் 'போர் உலா' என்ற பெயரில் எழுதினார். அப்போ அவருக்கு வயசு 18. நம்ம ஊர்க் கணக்கில் ப்ளஸ் டூ முடிச்ச வயசு. 1992-இல், 20 வயதில் இறந்துபோனார். புத்தகம் அச்சில் வந்தது அதற்குப் பிறகுதான்.

புத்தகத்தின் பெயரைக் கவனிங்க. உலா. பயணம்தான் அதில் பெரும்பகுதி. காடு, கனமான ஆயுதங்களை நகர்த்துவது, வழியில் வருகிற கிராமங்கள், அங்கே சோறு போடுகிற ஜனங்கள், அவங்க வீட்டு வறுமை. சண்டை அதற்கெல்லாம் பிறகுதான் வருது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போய்ச் சண்டை போட்ட ஜார்ஜ் ஆர்வெலும் 1938-இல் எழுதிய புத்தகத்தில் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறார். அகழியில் அவருடைய பெரிய கவலை எதிரி இல்லை. விறகு, சாப்பாடு, புகையிலை, குளிர், பேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஐம்பது வருஷம், வேறு கண்டம், வேறு மொழி. ஆனாலும் ஒரு தனி ஆளின் உடம்புக்குப் போர் என்பது முக்கால்வாசி நேரம் களைப்பு, பசி, காத்திருப்பு. மிச்சக் கால்வாசியில் பக்கத்தில் நின்னவன் இல்லாமல் போய்விடுகிறான்.

எதிரி யார் என்று மாறிக்கொண்டே இருந்தால்?

உள்நாட்டுப் போருக்கும் இரண்டு நாடுகள் போடுகிற போருக்கும் இங்கேதான் பெரிய வித்தியாசம். எல்லைக்கோடு கிடையாது. எதிரி பக்கத்து ஊரில் இருப்பான். சில நேரம் நேற்று வரைக்கும் ஒரே தட்டில் சாப்பிட்டவனாக இருப்பான்.

1986 ஏப்ரல், மே. யாழ்ப்பாணத்தில் புலிகள் டெலோ இயக்கத்தைத் தாக்கி அழித்தார்கள். டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6-ஆம் தேதி கொல்லப்பட்டார். யோசிச்சுப் பாருங்க. 1983-இல் ஒரே தெருவில் இருந்து இரண்டு பையன்கள் வெவ்வேறு படகில் ஏறியிருக்கலாம். மூன்றே வருஷத்தில் ஒருவன் இன்னொருவனைச் சுடும் நிலை. புளொட் இயக்கத்தின் தமிழ்நாட்டு முகாம்களிலும் சொந்தப் பசங்களையே சித்திரவதை செய்து கொன்றார்கள். அந்த இயக்கத்திலிருந்து வெளியே வந்த கோவிந்தன் 1985-லேயே அதை 'புதியதோர் உலகம்' என்று நாவலாக எழுதினார். ஸ்பெயினில் ஆர்வெலுக்கும் இதேதான் நடந்தது. 1937 மே மாதம் பார்சிலோனா தெருவில் ஒரே அணிக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். கழுத்தில் குண்டடி பட்டு வந்தவர், கடைசியில் சொந்தப் பக்கத்துப் போலீஸுக்குப் பயந்துதான் நாட்டை விட்டு ஓடினார்.

1987-க்கு வாங்க. இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போகிறது. கொளத்தூர் முகாம் மூடி ஒரு வருஷம்தான் ஆகியிருக்கும். பயிற்சி கொடுத்த நாடும் பயிற்சி வாங்கிய பையனும் இப்போ எதிரெதிரே. அக்டோபர் 11 இரவு, சீக்கிய இலகு காலாட்படையின் 13-வது பட்டாலியனைச் சேர்ந்த 30 பேர் ஹெலிகாப்டரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கப்பட்டார்கள். புலிகளுக்கு ஏற்கெனவே தகவல் தெரிந்திருந்தது. காத்திருந்தார்கள். கூட வர வேண்டிய மற்றவர்களை ஏற்றிக்கொண்டு ஹெலிகாப்டர் திரும்ப வந்து இறங்க முடியவில்லை. 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். மிஞ்சியவர் ஒரே ஒருத்தர். சிப்பாய் கோரா சிங். சிறைபிடிக்கப்பட்டார், பிறகு விடுவிக்கப்பட்டார்.

பஞ்சாபிலிருந்து வந்த ஒரு சிப்பாய். சுற்றி இருப்பவர்கள் பேசும் மொழி தெரியாது. யாருக்காக வந்தோம், யாரோடு சண்டை போடுகிறோம் என்பதே ரெண்டு மாசத்தில் தலைகீழாக மாறிவிட்டது. தன்னோடு வந்த எல்லாரும் ஒரே ராத்திரியில் இல்லை. 'தனி வீரன்' என்று சொல்லும்போது நாம் ராம்போவை நினைக்கிறோம். நிஜத்தில் அது கோரா சிங்.

அதே வருஷம் நவம்பர் 25. மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், மும்பையில் பிறந்த தமிழர், புலிகளோடு நடந்த சண்டையில் யாழ்ப்பாணத்தில் இறந்தார். அமைதிப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான். சுட்டவன் பேசியதும் தமிழ், இறந்தவர் வீட்டில் பேசியதும் தமிழ்.

சிங்களப் பக்கம் பார்த்தாலும் கதை இதுதான். 1991 ஜூலை, ஆனையிறவு. புலிகள் இரும்புத் தகடு அடித்த புல்டோசர் ஒன்றை ராணுவ முகாமுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். காமினி குலரத்ன என்ற இளம் சிப்பாய் கையில் குண்டுகளோடு தனியாக ஓடிப்போய் அதில் ஏறி, அதை நிறுத்தி, இறந்தார். இன்றைக்கு அந்த ஏ9 சாலையோரம் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கு, அந்தப் புல்டோசரும் இருக்கு. புல்டோசருக்குள் இருந்தவனுக்கும் ஒரு வீடு இருந்திருக்கும், ஒரு அம்மா இருந்திருப்பாங்க. ஒரே இரும்புக்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு கிராமத்துப் பையன்கள். அதே இலங்கை ராணுவத்திலிருந்து பல பத்தாயிரம் சிப்பாய்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓடிப்போனார்கள். அவங்களுக்கு எங்கேயும் சிலை கிடையாது.

பெயர் இரண்டாவது முறை போனது

இப்போ அந்தப் பெயர் விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

புலிகள் தங்கள் ஆட்களை எரிக்காமல் புதைத்தார்கள். துயிலும் இல்லங்கள் என்று வரிசை வரிசையாகக் கல்லறைகள். கல்லில் இயக்கப் பெயர், பதவி, அதோடு இயற்பெயரும் சொந்த ஊரும் இருக்கும். உயிரோடு இருந்தவரைக்கும் மறைத்து வைத்த பெயர், செத்த பிறகுதான் வெளியே வந்தது. அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நவம்பர் 27-இல் போய் விளக்கேற்ற ஒரு இடம் கிடைத்தது.

2009 மே மாதம் போர் முடிந்தது. கைப்பற்றிய பகுதிகளில் இருந்த துயிலும் இல்லங்களை ராணுவம் இடித்துத் தரைமட்டமாக்கியது. கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்திலேயே 2011-இல் ராணுவ முகாம் வந்தது. எத்தனையோ கஷ்டப்பட்டுக் கல்லில் ஏறிய பெயர் இரண்டாவது முறையும் போய்விட்டது.

செத்தவர்கள் கதை இது. பிழைத்தவர்கள்?

கிட்டத்தட்ட 12,000 முன்னாள் போராளிகள் இலங்கை அரசின் 'புனர்வாழ்வு' முகாம்கள் வழியாக வெளியே வந்தார்கள். வட்டுவாகல் பாலம் பக்கம் குடும்பத்தின் கண்முன்னால் சரணடைந்து, பஸ்ஸில் ஏற்றப்பட்டு, அதற்குப் பிறகு தகவலே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவங்க அம்மாக்கள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கையில் போட்டோ, போட்டோவுக்குக் கீழே இயற்பெயர். வீட்டில் வச்ச பெயர்.

வெளியே வந்தவர்களில் ஒருத்தர் தமிழினி. இயற்பெயர் சிவகாமி. பரந்தனைச் சேர்ந்தவர். படித்துக்கொண்டிருந்தபோது 1991-இல் இயக்கத்தில் சேர்ந்து, மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக உயர்ந்தவர். 2009-இல் ஜனங்களோடு ஜனமாக வெளியே வந்து பிடிபட்டு, சிறை, புனர்வாழ்வு எல்லாம் முடிந்து 2013-இல் விடுதலை ஆனார். 2015 அக்டோபர் 18-இல் புற்றுநோயில் இறந்தார். அவர் எழுதி வைத்த 'ஒரு கூர்வாளின் நிழலில்' அடுத்த வருஷம் வெளிவந்தது.

அந்தப் புத்தகம் வந்தபோது இங்கேயும் புலம்பெயர் நாடுகளிலும் பெரிய சண்டை. ஏன்னா, கடைசிக் காலத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக ஆள் பிடித்ததையும், தன் இயக்கம் செய்த தவறுகளையும் அவர் உள்ளேயிருந்து எழுதியிருந்தார். 'இது அவர் எழுதியதே இல்லை' என்று சிலர் சொன்னார்கள். பதினெட்டு வருஷம் சண்டைக்குள் இருந்த ஒருத்தர் வாயைத் திறந்து தன் அனுபவத்தைச் சொல்கிறார். அது நமக்குப் பிடித்த மாதிரி இல்லாததால், அவருடைய வாய்க்கு அவர் சொந்தக்காரர் இல்லை என்கிறோம். இதுவும் பெயரைப் பறிக்கிற வேலைதான்.

இதில் நமக்கு என்ன?

நான் வளர்ந்தது நாமக்கல் பக்கம். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகளின் சுவரில், சினிமா போஸ்டருக்குப் பக்கத்தில், சீருடை போட்ட போராளிகளின் போஸ்டரும் இருக்கும். அந்த முகங்களைப் பார்த்துத்தான் எங்க செட்டுக்கு வீரம் என்றால் என்னன்னு ஒரு பிம்பம் வந்தது. அதே காலத்தில், அதே மாவட்டத்தில், பரமத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருந்தது. மேட்டுப்பட்டியில் இருந்தது. சேலம் பக்கம் குறுக்குப்பட்டி, பவளத்தானூர். அந்தப் போரிலிருந்து தப்பி வந்தவர்கள், எங்களிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், சின்னச் சின்ன வீடுகளில் இருந்தார்கள். பெயின்ட் அடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். போஸ்டரில் இருந்தவனை அண்ணன் என்று கூப்பிட்ட நாங்கள், முகாமில் இருந்த அண்ணனிடம் என்ன நடந்தது என்று கேட்டதில்லை. எங்க செட் மட்டும் இல்லை, பெரும்பாலும் தமிழ்நாடே அப்படித்தான் இருந்தது.

போஸ்டருக்கு ஒரு வசதி இருக்கு. அது திரும்பப் பேசாது. கால் போன முன்னாள் போராளி பேசுவார். உடம்புக்குள் இன்னும் குண்டுத் துண்டு இருக்கிறவர், வேலை கேட்டுப் போனால் 'நீ அதில் இருந்தவனா' என்று விலக்கப்படுகிறவர், கல்யாணம் கூடி வராமல் நிற்கிற முன்னாள் பெண் போராளி, இவங்க பேசினா நம்ம பிம்பத்துக்குள் அடங்காத விஷயங்களும் வரும். 1990-இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதும் வரும். சின்னப் பிள்ளைகளைச் சேர்த்ததும் வரும். முள்ளிவாய்க்காலில் மருத்துவமனை மேலே ஷெல் விழுந்ததும் வரும். அந்தக் கடைசி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னதும் வரும். எல்லாமே ஒரே ஆளின் ஞாபகத்துக்குள் ஒண்ணா இருக்கும். அவருக்கு அதைப் பிரித்து வைக்க முடியாது. கேட்கிற நாம்தான் நமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அதனால் ஒரு போராளியின் படமோ சிப்பாயின் படமோ உங்க ஃபீடில் வந்தா, ஷேர் பண்றதுக்கு முன்னாடி மூன்று கேள்வி கேட்டுப் பாருங்க. இவருக்கு வீட்டில் என்ன பெயர்? சேரும்போது என்ன வயசு? இவர் பிழைத்திருந்தால் இன்றைக்கு இவர் பேசுவதைக் கேட்க நான் தயாரா? மூன்றாவது கேள்விதான் கஷ்டம்.

அடுத்த எபிசோடில், இதே பரமத்தி மாதிரி முகாம்களில் பிறந்து, இங்கேயே படித்து வளர்ந்து, இன்னும் இந்தியக் குடியுரிமை கிடைக்காமல் இருப்பவர்களைப் பற்றிப் பேசுவோம். 2021-இல் முகாமின் பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பெயர் மாறியதும் என்னென்ன மாறியது, எது மாறவில்லை, பார்க்கலாம்.